முரளியின் 800: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தோட்டங்களுக்கிடையே நடக்கும் மென்பந்துப் போட்டிகளுக்கு ஸ்கோர் எழுதுகிறவன் நான். மழைக்கு ஆட்டம் நின்றால் பேச்சு எப்படியும் இலங்கையின் சுழல்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனிடம் வந்து சேரும். பத்து வயதுப் பையனும் கேட்பான், ஓய்வுபெற்ற கங்காணியும் கேட்பார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முரளி மொத்தம் எத்தனை விக்கெட் எடுத்தார்?

டெஸ்டில் 133 ஆட்டங்களில் 800. ஒருநாள் ஆட்டங்கள் 350, அவற்றில் 534. இருபதுக்கு 20 சர்வதேச ஆட்டங்கள் 12, விக்கெட் 13. எல்லாம் சேர்த்தால் 1,347. டெஸ்டிலும் சரி, ஒருநாளிலும் சரி, உலகில் அதிக விக்கெட் எடுத்தவர் அவர்தான்.

டெஸ்ட் சராசரி, அதாவது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டம், 22.72. ஒரே இனிங்ஸில் 5 விக்கெட்டோ அதற்கு மேலோ எடுத்தது 67 தடவை. ஒரே ஆட்டத்தில் 10 விக்கெட்டோ அதற்கு மேலோ எடுத்தது 22 தடவை. தொடர்ச்சியாக நான்கு டெஸ்ட்களில் பத்துப் பத்தாக எடுத்ததை வாழ்க்கையில் இரண்டு முறை செய்திருக்கிறார், 2001-இலும் 2006-இலும். தான் ஆடிய காலத்தில் டெஸ்ட் ஆடிய மற்ற ஒன்பது நாடுகளுக்கு எதிராகவும் ஒரே ஆட்டத்தில் 10 விக்கெட் எடுத்துக் காட்டியவர்.

800-ம் இலங்கைக்காக எடுத்ததா?

இல்லை. இலங்கைக்காக 795. மீதி 5 விக்கெட் 2005 ஒக்டோபரில் சிட்னியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகச் சர்வதேச கிரிக்கெட் சபையின் (ஐசிசி) உலக அணி ஆடிய ஒரே டெஸ்டில் வந்தது. அந்த ஆட்டத்துக்கு டெஸ்ட் தகுதி கொடுத்ததே பிழை என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன. ஒருநாளிலும் இதே கதைதான்: 523 இலங்கைக்கு, மீதி 11 ஆசிய அணிக்கும் உலக அணிக்கும்.

அவர் நம்ம மலையகத் தமிழர்தானே? தோட்டத்துப் பிள்ளையா?

மலையகத் தமிழர், அதில் சந்தேகமில்லை. தாத்தா 1920-இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர். ஆனால் முரளி லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவரல்ல. அவருடைய அப்பா சின்னசாமி முத்தையா கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலைப் பகுதியில், பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். 1972 ஏப்ரல் 17-இல் கண்டியில் பிறந்த முரளி, ஒன்பது வயதிலேயே கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் விடுதி மாணவனாகச் சேர்ந்துவிட்டார்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "முரளி வந்தாரே, நம்ம பையன்களால் ஏன் முடியாது" என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நல்ல மைதானமும் கடினப்பந்து அணியும் பயிற்றுவிப்பாளரும் உள்ள கண்டி நகரப் பாடசாலை ஒன்று அவருக்குக் கிடைத்தது. திறமை அவருடையது, வாய்ப்பு அந்தப் பாடசாலையுடையது. இரண்டும் வேண்டும்.

ஆரம்பத்தில் வேகப்பந்து வீசினாராமே?

ஆமாம், மிதவேகம். பாடசாலைப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோதான் 14 வயதில் அவரை ஓப் ஸ்பின்னுக்கு, அதாவது வலக்கை மட்டையாளருக்கு உள்ளே திரும்பும் சுழல்பந்துக்கு, மாற்றினார். பாடசாலைக் காலத்தின் கடைசி இரண்டு பருவங்களில் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தார். 1990/91-க்கான பாட்டா சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் விருதும் அவருக்குத்தான்.

பிறகு கொழும்பில் தமிழ் யூனியன் கழகம். 1991-இல் இலங்கை ஏ அணியோடு இங்கிலாந்து போய் ஐந்து ஆட்டம் ஆடினார், ஒரு விக்கெட்கூட இல்லை. பூச்சியம்! முதல் மூன்று ஆட்டங்களில் விக்கெட் விழவில்லை என்று பந்தை அடுத்தவனிடம் கொடுத்துவிடும் பையன்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வது.

முதல் டெஸ்ட் விக்கெட் யாருடையது?

1992 ஓகஸ்ட் 28-இல் கொழும்பு கெத்தாராம மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட். முதல் விக்கெட் கிரேக் மெக்டெர்மொட், எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் கால் மறித்ததால் ஆட்டமிழப்பு). அந்த ஆட்டத்தில் மொத்தம் 141 ஓட்டங்களுக்கு 3 விக்கெட், சாதாரணக் கணக்குதான். ஆனால் டொம் மூடிக்கு விழுந்த பந்து சாதாரணமில்லை. ஓப் ஸ்டம்புக்கு இரண்டடி வெளியே குத்திய பந்து. இது எங்கே ஸ்டம்புக்கு வரப்போகிறது என்று மூடி மட்டையைத் தூக்கி வழிவிட்டார். பந்து உள்ளே திரும்பி வந்து ஸ்டம்பைச் சாய்த்தது.

மற்ற ஓப் ஸ்பின்னர்களுக்கு இல்லாத அளவு பந்து அவருக்கு மட்டும் எப்படித் திரும்பியது?

சாதாரண ஓப் ஸ்பின்னர் விரலால் சுழற்றுவார். ஆள்காட்டி விரல் தையலின் மேல் பிடித்திருக்கும், விடும்போது கதவுக் குமிழைத் திருப்புவதுபோல ஒரு திருப்பு. முரளி மணிக்கட்டால் சுழற்றினார். அது வழக்கமாக லெக் ஸ்பின்னரின் ஆயுதம். மணிக்கட்டில் வரும் விசை விரலில் வருவதைவிட அதிகம். அதனால்தான் கொழும்பு எஸ்எஸ்சி போன்ற மட்டையாளர்களுக்கு வாய்ப்பான தரையிலும், முதல் நாள் மதியத்திலேயே அவருடைய பந்து திரும்பியது.

அவருடைய உடலமைப்பும் சேர்ந்துகொண்டது. முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. தோளும் மணிக்கட்டும் மற்றவர்களுக்குப் போகாத தூரத்துக்கு வளையும். குறுகிய ஓட்டம், நெஞ்சை மட்டையாளருக்குத் திறந்து காட்டும் நிலை, கண் இரண்டும் அகல விரிந்திருக்கும். அந்த நிலையிலிருந்து தோள் சுழன்று, கடைசி நொடியில் மணிக்கட்டு சாட்டைபோல அடிக்கும்.

இன்னொன்றைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது பலர் கவனிப்பதில்லை. பந்து தரையில் திரும்புவதற்கு முன்பே காற்றில் ஒரு வேலை செய்யும். வலக்கை மட்டையாளருக்குக் காற்றில் கொஞ்சம் வெளியே மிதந்து போகும், பிறகு விழுந்து, குத்தி, உள்ளே வரும். வெளியே போகிறதென்று மட்டையைக் கொண்டுபோனவருக்கு மட்டைக்கும் காலுக்கும் இடையில் ஒரு வாசல் திறந்துவிடும். பின்னாட்களில் விக்கெட்டைச் சுற்றி வந்து, அதாவது ஸ்டம்பின் மறுபக்கத்திலிருந்து, வீசத் தொடங்கிய பிறகு எல்பிடபிள்யூ வாய்ப்பும் கூடியது.

தூஸ்ரா என்றால் என்ன?

அதே கை அசைவில், உள்ளே வருவதற்குப் பதிலாக வெளியே போகும் பந்து. பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக் பெயர் பெற வைத்தது. முரளி அதைத் தன் மணிக்கட்டுக்கு ஏற்றபடி பழகிக்கொண்டார். விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில், ஸ்லிப்பில் நிற்கும் மஹேல ஜயவர்தனவுக்கு வேலை கூடியது இதனால்தான். "பிடி ஜயவர்தன, பந்துவீச்சு முரளிதரன்" என்ற வரி டெஸ்ட் ஸ்கோர் அட்டைகளில் 77 தடவை வருகிறது. விக்கெட் காப்பாளரைத் தவிர்த்துப் பார்த்தால் வேறெந்த இருவருக்கும் இத்தனை இல்லை. ஸ்கோர் எழுதுகிறவனுக்கு இப்படி ஒரே வரியை எழுதிக்கொண்டே இருப்பதில் ஒரு சுகம் உண்டு.

உண்மையைச் சொல்லுங்கள் அண்ணே, அவர் எறிந்தாரா?

இந்தக் கேள்வி வராத மழை நாள் கிடையாது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ண். நடுவர் டரல் ஹெயார், பந்துவீச்சாளர் முனையில் நின்றுகொண்டு, மூன்று ஓவர்களில் ஏழு முறை முரளிக்கு நோ போல் (விதிமீறிய பந்து) கொடுத்தார். கோட்டைத் தாண்டியதற்கல்ல, பந்தை எறிவதாக. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற ஸ்டீவ் டன் ஒரு முறைகூடக் கையைத் தூக்கவில்லை. ஒரே மனிதர், ஒரே கை, ஒரே நாள். ஒரு முனையில் குற்றம், மறு முனையில் குற்றமில்லை. இந்தச் சர்ச்சையின் முழு வடிவமும் அந்த ஒரு நாளிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் ஒருநாள் ஆட்டம். ரொஸ் எமர்சன் இன்னும் ஏழு முறை நோ போல் கொடுத்தார். முரளி லெக் ஸ்பின் வீசிப் பார்த்தார், அதற்கும் நோ போல். கை மடித்து லெக் ஸ்பின்னை எறிவது எவ்வளவு கஷ்டம் என்று வீசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1996-இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் பரிசோதனைகள் நடந்தன. முழுதாக நீளாத முழங்கையும் மணிக்கட்டின் வேகமும் சேர்ந்து எறிவதுபோன்ற தோற்றத்தைத் தருகின்றன என்பதுதான் முடிவு. 1999 ஜனவரியில் அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் எமர்சன் மறுபடி கையைத் தூக்கினார். ரணதுங்க அணியையே எல்லைக் கோடு வரை கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் நின்று, பிறகு தொடர்ந்தது.

விதி என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். கை மடிந்திருப்பது குற்றமல்ல. கை தோள் உயரத்துக்கு வந்த கணத்திலிருந்து பந்து விடுபடும் வரை, மடிந்த முழங்கை எவ்வளவு நீள்கிறது என்பதுதான் கணக்கு. முரளியின் கை எப்போதும் மடிந்தே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் தீர்ப்பு எழுதினார்கள்.

2004-இல் பிரச்சினை தூஸ்ராவுக்குப் போனது. ஆட்ட மத்தியஸ்தர் கிறிஸ் பிரோட் அதை முறையிட்டார். பேர்த்தில் அளந்தபோது முதலில் 14 பாகை, திருத்திய பிறகு 10.2 பாகை. அன்று சுழல்பந்து வீச்சாளருக்கு அனுமதி 5 பாகைதான், ஆகவே தூஸ்ரா கூடாது என்றார்கள். ஆனால் அதே விதி வேகப்பந்து வீச்சாளருக்கு 10 பாகை வரை கொடுத்திருந்தது. பிறகு மற்றவர்களையும் கெமராவில் அளந்து பார்த்தார்கள். சுத்தமான கை என்று பெயர் வாங்கியவர்களுக்கும் முழங்கை ஏதோ ஓர் அளவு நீளத்தான் செய்தது. வெறும் கண்ணுக்குத் தெரியும் எல்லை சுமார் 15 பாகை என்று கொண்டு, 2005-இலிருந்து எல்லாருக்கும் பொதுவாக 15 பாகை என்று ஐசிசி மாற்றியது. 2006-இல் முரளியை மறுபடி அளந்தார்கள், தூஸ்ரா உட்பட எல்லாம் அந்த எல்லைக்குள் இருந்தன.

"முரளிக்காக விதியை மாற்றினார்கள்" என்பார்கள். முரளியால் மாறியது என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். முரளிக்காக மட்டும் மாறியது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் பழைய விதிப்படி பார்த்தால் பிடிபட வேண்டிய கைகள் எல்லா நாட்டிலும் இருந்தன. பெரிய போட்டிகளில் ஆடியவர்களில் இவர் அளவுக்குப் பரிசோதனைக் கூடத்துக்கு ஏறி இறங்கியவர் வேறு யார்? 2004-இல் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்ட் வரை, முரளி எறிகிறார் என்று வாய் திறந்தார். அந்த ஆண்டு அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கே முரளி போகவில்லை. எனக்கு அதில் இன்றும் கோபம்தான், மறைக்கவில்லை.

அவருடைய மிகச் சிறந்த ஆட்டம் எது?

ஆளுக்கொன்று சொல்வார்கள். என் ஓட்டு 1998 ஓகஸ்ட், இலண்டன் ஓவல். ரணதுங்க நாணயச் சுழற்சியில் வென்று இங்கிலாந்தைத் துடுப்பெடுத்தாடச் சொன்னார். அவர்கள் 445 அடித்தார்கள், முரளிக்கு 155 ஓட்டங்களுக்கு 7 விக்கெட். இலங்கை 591, ஜயசூரிய 213. இரண்டாம் இனிங்ஸில் முரளி 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட். பத்தாவது ஏன் கிடைக்கவில்லை என்றால் அலெக் ஸ்டூவர்ட் ரன் அவுட். ஆட்டத்தில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட். இங்கிலாந்து மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி அது. அதுவும் ஒரே ஒரு டெஸ்ட் மட்டுமே நமக்குக் கொடுத்திருந்த காலம்.

சொந்த ஊரில் 9 விக்கெட் எடுத்த கதை?

அது 2002 ஜனவரி, கண்டி அஸ்கிரிய மைதானம், எதிரணி சிம்பாப்வே. முதல் நாளே ஒன்பது விக்கெட்டும் முரளி. ஒரே இனிங்ஸில் பத்தும் எடுக்க இன்னும் ஒன்றே ஒன்று. மறுநாள் காலை அந்தப் பத்தாவது வந்தது, ஷோர்ட் லெக்கில் ரசல் ஆர்னல்டின் கைக்கு. நழுவியது. மறுமுனையில் வேகப்பந்து வீச்சாளர் சமிந்த வாஸ் வீசிய பந்தில் ஒலொங்கா விக்கெட் காப்பாளரிடம் பிடி கொடுத்தார், கதை முடிந்தது. 51 ஓட்டங்களுக்கு 9, அதுதான் முரளியின் மிகச் சிறந்த டெஸ்ட் கணக்கு. வாஸ் வேண்டுமென்றே வெளியே வீசியிருக்கலாமே என்று சில பேர் கேட்பார்கள். ஒரு டெஸ்டில் அப்படி வீசச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அஸ்கிரியவில் மட்டும் அவருக்கு 117 விக்கெட். எஸ்எஸ்சியில் 166, காலி நகர மைதானத்தில் 111. மூன்று வெவ்வேறு மைதானங்களில் நூறு நூறாக எடுத்தவர் என்பது தனிச் சாதனை. 500-வது விக்கெட்டும் (2004 மார்ச், அவுஸ்திரேலியாவின் கஸ்பரோவிச்) கண்டியில்தான். அவுஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வோர்னின் 708-ஐத் தாண்டிய 709-வதும் கண்டியில்தான்: 2007 டிசம்பர் 3, இங்கிலாந்தின் போல் கொலிங்வுட், போல்ட். அஸ்கிரியவில் நடந்த கடைசி டெஸ்ட் அதுவே. பிறகு டெஸ்ட்கள் பல்லேகலைக்குப் போயின, அங்கே முதல் டெஸ்ட் நடந்தது 2010 டிசம்பரில். அதற்குள் முரளி டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்.

வோர்ன் பெரியவரா, முரளி பெரியவரா? சிம்பாப்வே, பங்களாதேஷுக்கு எதிராகத்தானே முரளி நிறைய எடுத்தார்?

அந்த இரண்டு அணிகளுக்கும் எதிராக முரளி எடுத்தது 176. உண்மை, அது நிறைய. வோர்ன் அவர்களோடு மூன்று டெஸ்ட்தான் ஆடினார், 17 விக்கெட். சரி, இரண்டு பேருக்கும் அந்தக் கணக்கை வெட்டிவிடுவோம். முரளிக்கு 108 டெஸ்டில் 624. வோர்னுக்கு 142 டெஸ்டில் 691. ஓர் ஆட்டத்துக்கு முரளி 5.8, வோர்ன் 4.9. வெட்டிய பிறகும் முரளி முன்னால்தான்.

வோர்ன் பக்கத்து வாதமும் பலமானது. மறுமுனையில் வேகப்பந்து வீச்சாளர் மெக்ரா இருந்தார், விக்கெட்டைப் பங்குபோட வேண்டியிருந்தது. சொந்த நாட்டுத் தரை சுழலுக்குத் தோதானதல்ல. முரளிக்கு இலங்கையில் 73 டெஸ்டில் 493 விக்கெட், வெளியே 60 டெஸ்டில் 307.

ஆனால் மறுமுனையில் ஆள் இல்லாதது சலுகையா, சுமையா? என்னைக் கேட்டால் முரளியின் கணக்கில் பார்க்க வேண்டிய எண் 800 அல்ல, 44,039. டெஸ்டில் அவர் வீசிய பந்துகள். ஓர் ஆட்டத்துக்கு 331, அதாவது 55 ஓவருக்குக் கொஞ்சம் மேல். வோர்ன் 145 ஆட்டங்களில் 40,705, ஓர் ஆட்டத்துக்கு 281. வாஸ் புதுப்பந்தை வீசி முடித்ததும் ஒரு முனை முரளிக்கு எழுதி வைத்ததுபோலத்தான். காலை, மதியம், மாலை. கொழும்பு வெயிலில் தோளைச் சுழற்றிக்கொண்டே, ஓட்டமும் கொடுக்காமல், விக்கெட்டும் எடுக்க வேண்டும். அவர் ஆடி இலங்கை வென்ற 54 டெஸ்ட்களில் மட்டும் 438 விக்கெட். கையை அளந்தவர்கள் யாரும் இந்த உழைப்பை அளக்கவில்லை.

எங்கேயாவது அவருக்குச் சரிவரவில்லையா?

அவுஸ்திரேலியாவில். அங்கே ஐந்து டெஸ்டில் 12 விக்கெட், சராசரி 75. இந்தியாவிலும் பெரிதாக ஒன்றுமில்லை: 11 டெஸ்டில் 40, சராசரி 45. சுழலை மூக்கால் மோந்தே ஆடுகிற துடுப்பாட்ட வரிசை அது, நம்ம ஆள் என்பதற்காக மழுப்ப வேண்டியதில்லை. அதே நேரம், சுழலுக்கு உதவாது என்று பேர்போன இங்கிலாந்தில் ஆறே டெஸ்டில் 48 விக்கெட் எடுத்தவரும் இவர்தான். 2006-இல் டிரென்ட் பிரிட்ஜில் ஒரே இனிங்ஸில் 70-க்கு 8. அந்த ஆண்டு முழுதும் 11 டெஸ்டில் 90 விக்கெட்.

ஒருநாள் ஆட்டங்களில்?

பாகிஸ்தானின் வசீம் அக்ரமின் 502-ஐ 2009 பெப்ரவரி 5-இல் கொழும்பில் கௌதம் கம்பீரின் விக்கெட்டோடு தாண்டினார். சிறந்த கணக்கு 2000 ஒக்டோபரில் ஷார்ஜாவில் இந்தியாவுக்கு எதிராக 30-க்கு 7, அன்றைக்கு அது உலக சாதனை. மறு ஆண்டு நம்ம வாஸே 19-க்கு 8 எடுத்து அதை முறியடித்தார்.

விக்கெட்டை விட எனக்குப் பிடித்தது ஓவருக்கு 3.93 ஓட்டம் என்ற சிக்கனம். 350 ஆட்டம் ஆடி, பெரும்பாலும் ஓட்டம் குவிக்கத் துடிக்கிறவர்களுக்கு வீசி, நாலுக்குக் கீழே.

உலகக் கிண்ணத்தில்?

ஐந்து உலகக் கிண்ணங்கள், 68 விக்கெட். மெக்ராவின் 71-க்கு அடுத்த இடம். 1996 மார்ச் 17-இல் லாகூரில் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார், இறுதி ஆட்டத்தில் 10 ஓவரில் 31 ஓட்டம், ஒரு விக்கெட். 2007-இல் 23 விக்கெட், அரையிறுதியில் நியூஸிலாந்துக்கு எதிராக 31-க்கு 4. இறுதியில் தோல்வி. 2011-இல் கெத்தாராமவில் நடந்த அரையிறுதியில், இலங்கை மண்ணில் தான் வீசிய கடைசிப் பந்தில் ஸ்கொட் ஸ்டைரிஸை எல்பிடபிள்யூ ஆக்கினார். மும்பையில் நடந்த இறுதி ஆட்டம்தான் அவருடைய கடைசிச் சர்வதேச ஆட்டம். விக்கெட் இல்லை, கிண்ணமும் இல்லை.

800-வது விக்கெட் எப்படி வந்தது?

2010 ஜூலை, காலி, எதிரணி இந்தியா. இந்த ஆட்டத்தோடு டெஸ்டிலிருந்து விலகுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கையில் 792. இன்னும் இரண்டு டெஸ்ட் ஆடியிருந்தால் நிதானமாக எடுத்திருக்கலாம். அவரோ ஒரே ஆட்டத்தில் எட்டு என்று தன்னையே பந்தயத்தில் வைத்தார். இரண்டாம் நாள் முழுவதும் மழை. முதல் இனிங்ஸில் 63-க்கு 5, அதில் முதலாவது சச்சின் டெண்டுல்கர். 797.

இந்தியா தொடர்ந்து இரண்டாம் இனிங்ஸ் ஆடியது. யுவராஜ் சிங், 798. ஹர்பஜன் சிங், 799. இந்த நேரம் பார்த்து மறுமுனையில் லசித் மாலிங்க வேறு விக்கெட்களை அள்ளிக்கொண்டிருந்தார், 50-க்கு 5. லக்ஷ்மணும் ரன் அவுட். ஒன்பது போயாயிற்று, மிச்சம் ஒன்று. அதை மாலிங்கவோ ஹேரத்தோ எடுத்துவிட்டால் 799-ஓடு வீடு போக வேண்டியதுதான்.

இஷாந்த் சர்மாவும் பிரக்யான் ஓஜாவும் கடைசி ஜோடி. சட்டென்று விழுவார்கள் என்று பார்த்தால் தடுத்துக்கொண்டே நின்றார்கள். எல்பிடபிள்யூ கேட்டார், நடுவர் அசையவில்லை. ஓவர் மேல் ஓவர். அந்த இனிங்ஸில் அவர் கொடுத்த 128 ஓட்டத்தையும் பாருங்கள், சும்மா கிடைத்த மூன்று விக்கெட் இல்லை அவை. கடைசியில் ஓஜா முன்காலில் சாய்ந்து தடுக்கப் போனார், பந்து வெளியே திரும்பியது, விளிம்பு, ஸ்லிப். பிடித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை, அந்த 77-இல் கடைசி அதுதான். இலங்கை பத்து விக்கெட்டால் வென்றது.

துடுப்பாட்டம் எப்படி?

கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவார். கூட்டம் எழுந்து நிற்கும். அதிகபட்சம் 67, 2001-இல் கண்டியில் இந்தியாவுக்கு எதிராக.

இந்த 800-ஐ யாராவது தாண்டுவார்களா?

வோர்ன் 708, அண்டர்சன் 704, கும்ப்ளே 619. எல்லோரும் முடித்துவிட்டார்கள். இப்போது டெஸ்ட்களே குறைந்துவிட்டன, இலங்கைக்கு இரண்டே டெஸ்ட் கொண்ட தொடர்கள்தான் அதிகம் கிடைக்கின்றன. முரளிக்குப் பிறகு நமக்குக் கிடைத்த பெரிய சுழல்பந்து வீச்சாளர் ரங்கன ஹேரத், அவரே 433-இல் நின்றார். 800-ஐத் தொடுவதற்கே ஓர் ஆண்டுக்கு 50 விக்கெட் வீதம் பதினாறு ஆண்டு ஆட வேண்டும். லீக் ஆட்டங்களுக்கு இத்தனை பணம் கொடுக்கும் காலத்தில் யார் அப்படித் தோளைத் தேய்ப்பார்கள்? நடக்காது என்றே எழுதி வைக்கிறேன்.

விருதுகள்?

நிறைய. முக்கியமானவை மட்டும்: 2002-இல் விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு நூலின் கணிப்பில் டெஸ்ட் வரலாற்றின் தலைசிறந்த பந்துவீச்சாளர். 2016-இல் ஐசிசி புகழ்மண்டபத்துக்குத் தேர்வான முதல் இலங்கையர். டெஸ்ட் பந்துவீச்சுத் தரவரிசையில் மொத்தம் 1,711 நாள் முதலிடம். டெஸ்ட் தொடர் நாயகன் விருது 11 முறை, இதை இந்தியாவின் அஷ்வின் பின்னாளில் சமன் செய்தார்.

மகனுக்கு 13 வயது. தோட்டத்தில் மென்பந்தை நன்றாகச் சுழற்றுகிறான். என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

முதலில் கடினப்பந்து. மென்பந்துக்குத் தையல் கிடையாது, விரலும் மணிக்கட்டும் தையலைப் பிடித்துப் பழக வேண்டும். நம்ம தோட்டங்களில் பந்து பள்ளத்தில் விழுந்தால் ஆட்டமிழப்பு என்ற சட்டம் வேறு உண்டு. அதனால் பையன்கள் தரையோடு ஆடப் பழகுகிறார்கள், தூக்கி அடிக்கிற மட்டையாளரைச் சந்திப்பதே இல்லை. அடி வாங்காத சுழல்பந்து வீச்சாளன் தேற மாட்டான். கடினப்பந்து அணி உள்ள பாடசாலை பக்கத்து நகரத்தில் இருந்தால் ஆறாம் ஆண்டு, ஏழாம் ஆண்டிலேயே விசாரியுங்கள், சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு என்றால் தாமதம். பஸ் காசும் சப்பாத்தும் பந்தும் சேர்ந்தால் ஒரு தொழிலாளி வீட்டுக்குக் கனக்கும் என்று தெரியும். அதனால் பாடசாலை அதிபரிடமோ பழைய மாணவர் சங்கத்திடமோ வாய்விட்டுக் கேட்க வெட்கப்படாதீர்கள், பந்தும் சப்பாத்தும் அங்கே பல நேரம் கிடைக்கும்.

அடுத்தது, நோட்டுப் புத்தகம் ஒன்றில் அவன் ஒரு நாளைக்கு எத்தனை பந்து வீசினான், அதில் எத்தனை நினைத்த இடத்தில் விழுந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். விக்கெட் கணக்கு வேண்டாம்.

தூஸ்ராவை இப்போது கேட்டாலும் சொல்லிக் கொடுக்காதீர்கள். எலும்பு முற்றாத வயதில் அதை முயன்றால் முழங்கை மடிந்து நீளத் தொடங்கும், பிறகு திருத்துவது பெரும்பாடு. பதினேழு வயது வரை ஒரே ஓப் பிரேக், ஒரே இடம். கை சந்தேகமாகப் பட்டால் கைத்தொலைபேசியில் பக்கவாட்டிலிருந்து மெதுவேகத்தில் படம் பிடித்து, விவரம் தெரிந்த பயிற்றுவிப்பாளர் ஒருவரிடம் காட்டுங்கள்.